வரலாறு காத்தோர்: சீன அரசவை எழுத்தரும் மேற்கு ஆப்பிரிக்க கிரியோவும்

சீனாவின் பண்டைய அரசுகளில் நிகழ்வுகளைப் பதிவு செய்வதற்கென நியமிக்கப்பட்டவர் 'ஷி' எனப்பட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டே மக்களிடையே அரச மரபுகளையும் குடிவழிகளையும் நினைவில் காத்துப் பாடியும் உரைத்தும் வந்தவர் 'ஜெலி' எனப்பட்டார். ஜெலியைக் குறிக்கப் பிரெஞ்சு வழியாகப் பரவிய பெயர் 'கிரியோ'. முன்னவரின் கருவி தூரிகையும் மூங்கில் பட்டையும். பின்னவரின் கருவி குரலும் நரம்பிசையும். இவ்விரு மரபுகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவும் அறியப்படவில்லை. ஆயினும் அரசனுக்கு அருகில் இருந்துகொண்டு அரசனைப் பற்றிய உண்மையை அடுத்த தலைமுறைக்குக் கடத்துதல் என்னும் ஒரே பணியை இருவரும் ஏற்றிருந்தனர். அப்பணிக்கு அவர்கள் கொடுத்த விலையும், அதிகாரம் அவர்களை வளைக்க முயன்ற விதமும் ஒப்புநோக்கத் தக்கவை.

சீனாவை எழுத்தின் நாடு என்றும் ஆப்பிரிக்காவைப் பேச்சின் கண்டம் என்றும் பிரித்து, எழுதப்பட்டதே வரலாறு, பேசப்பட்டது கதை எனக் கருதும் போக்கு நீண்ட காலம் நிலவியது. இரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இந்தப் பிரிவினை எவ்வளவு மேலோட்டமானது என்பது தெளிவாகும்.

சீனாவில் 'ஷி' பதவியின் தோற்றம்

சீனாவில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துப் பதிவுகள் ஷாங் மரபின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த குறி எலும்புகள் ஆகும். ஆமையின் அடியோடுகளிலும் மாட்டின் தோள்பட்டை எலும்புகளிலும் குறிகேட்கும் வினாக்களைப் பொறித்து வைத்தனர். மழை வருமா, போரில் வெற்றி கிட்டுமா, அரசனின் பல்வலிக்கு எந்த மூதாதையர் காரணம் என்பன போன்ற வினாக்கள் அவற்றில் உள்ளன. இவை கி.மு. 13ஆம் நூற்றாண்டு முதல் கி.மு. 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. இவற்றின் எழுத்துகளை 1899ஆம் ஆண்டில் அறிஞர்கள் முதன்முதலாக இனங்கண்டனர். பின்னர் அன்யாங் நகருக்கு அருகே அகழாய்வுகள் நடைபெற்றன.

எனவே சீனாவில் எழுத்தும் மூதாதையர் வழிபாடும் தொடக்கத்திலேயே பிணைந்திருந்தன. 'ஷி' என்பவரும் முதலில் சடங்கு, நாட்காட்டி, விண்மீன் நோக்குதல் ஆகியவற்றோடு தொடர்புடைய அலுவலராகவே இருந்தார். நாளையும் கோளையும் குறிப்பவரே அரசனின் செயலையும் குறித்தார். சோவு மரபின் காலத்தில் ஒவ்வொரு சிற்றரசும் தனக்கென எழுத்தர்களை வைத்திருந்தது. லூ நாட்டின் ஆண்டுக் குறிப்புகளான 'வசந்தமும் இலையுதிர்காலமும்' என்னும் நூல் கி.மு. 722 முதல் கி.மு. 481 வரையிலான நிகழ்வுகளை மிகச் சுருக்கமாகப் பதிவு செய்கிறது. மரபுவழியாக இதனைக் கன்பூசியஸ் தொகுத்ததாகக் கூறுவர். ஓர் அரசன் 'இறந்தான்' என்று எழுதுவதா, 'கொல்லப்பட்டான்' என்று எழுதுவதா என்பதிலேயே அறத் தீர்ப்பு அடங்கியிருப்பதாகப் பிற்கால உரையாசிரியர்கள் இந்நூலை வாசித்தனர்.

மாண்டே சமூகத்தில் ஜெலி

இன்றைய மாலி, கினி, செனகல், காம்பியா, கோட் டிவார், புர்கினா ஃபாசோ ஆகிய நாடுகளில் பரவியுள்ள மாண்டே மொழி பேசும் மக்களிடையே ஜெலி என்பது பிறப்பால் வரும் தொழில். கொல்லர், தோல் தொழிலாளர் ஆகியோரோடு ஜெலிகளும் 'நியாமகலா' எனப்படும் தொழிற்குலங்களுள் அடங்குவர். இக்குலத்தார் தமக்குள்ளேயே மணஉறவு கொண்டனர். குயாத்தே, ஜபாத்தே, சிசோகோ போன்ற குடிப்பெயர்கள் ஜெலி குடும்பங்களுக்குரியவை.

ஜெலியின் பணி பாடுவது மட்டுமன்று. அரசர்களின் வழிமுறையை நினைவில் வைத்தல், இரு குடும்பங்களுக்கிடையே திருமணம் பேசி முடித்தல், சண்டை தீர்த்தல், தூது செல்லுதல், அவையில் தலைவனின் மெல்லிய சொல்லை உரத்த குரலில் எடுத்துரைத்தல் ஆகியவையும் அவருடைய கடமைகளாகும். 21 நரம்புகள் கொண்ட கோரா, மரக்கட்டைகளாலும் சுரைக்குடுக்கைகளாலும் ஆன பலாஃபோன், சிறிய நரம்புக்கருவியான ங்கோனி ஆகியவை இவர்களின் இசைக்கருவிகள். பெண் ஜெலிகள் பாடுவதில் சிறப்பிடம் பெற்றவர்கள். மகன் தந்தையிடமிருந்தும், மகள் தாயிடமிருந்தும் பல ஆண்டுகள் கேட்டுப் பழகுவதே கல்வி முறை.

சி நாட்டின் எழுத்தர்கள்

சீன எழுத்தரின் கடமை உணர்வுக்குச் சான்றாகக் காலந்தோறும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு கி.மு. 548இல் சி நாட்டில் நடந்தது. 'சுவோ சுவான்' என்னும் பழைய உரைநூல் இதனைக் கூறுகிறது. அமைச்சர் சுய் சு, தம் அரசரான சுவாங் கோமகனைக் கொல்வித்தார். தலைமை எழுத்தர் அதனை மறைக்காமல், சுய் சு தன் அரசரைக் கொன்றான் என்று பதிவு செய்தார். சுய் சு அவரைக் கொன்றார். எழுத்தரின் தம்பி அப்பதவிக்கு வந்து அதையே எழுதினார், அவரும் கொல்லப்பட்டார். அடுத்த தம்பிக்கும் அதே கதி நேர்ந்தது. அதற்கும் அடுத்த தம்பி மீண்டும் அதே சொற்களை எழுதியபோது சுய் சு விட்டுவிட்டார். இதற்கிடையில் எழுத்தர்கள் அனைவரும் மாண்டனர் எனக் கேள்விப்பட்ட தென்பகுதி எழுத்தர் ஒருவர், மூங்கில் பட்டைகளை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் புறப்பட்டார். பதிவு நிறைவேறிவிட்டது என்று அறிந்த பின்னரே வழியில் திரும்பினார்.

இந்நிகழ்வில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, எழுத்தர் பதவி இங்கும் குடும்ப வழியில் வந்திருக்கிறது. அண்ணனுக்குப் பின் தம்பி என்னும் முறையில் இது ஜெலி குடும்பங்களை ஒத்தது. இரண்டாவது, ஒரு வரியை அழிக்க ஒரு குடும்பத்தையே கொல்ல அமைச்சர் முனைந்தார் என்பதிலிருந்து, பதிவுக்கு அன்றைய சமூகம் அளித்த எடை புலப்படுகிறது.

சிமா சியான்

சீன வரலாற்றெழுத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஹான் மரபைச் சேர்ந்த சிமா சியான். இவருடைய தந்தை சிமா தான் பேரரசர் வூவின் அவையில் தலைமை எழுத்தராக இருந்தார். தொல்காலம் முதல் தம் காலம் வரையிலான முழுமையான வரலாற்றை எழுதத் திட்டமிட்ட அவர், அது முடியாமலே கி.மு. 110இல் இறந்தார். இறக்கும் தறுவாயில் மகனின் கையைப் பற்றி அழுது, பணியை முடிக்கும்படி வேண்டினார். கி.மு. 108இல் சிமா சியான் தந்தையின் பதவியை ஏற்றார், கி.மு. 104இல் நடந்த நாட்காட்டிச் சீர்திருத்தத்திலும் பங்கேற்றார்.

கி.மு. 99இல் லி லிங் என்னும் படைத்தலைவர் ஐயாயிரம் காலாட்படையினருடன் சென்று, சியோங்னு மக்களின் பெரும்படையிடம் தோற்றுச் சரணடைந்தார். அவையில் எல்லோரும் அவரைப் பழித்தபோது சிமா சியான் ஒருவர் மட்டுமே அவருக்காகப் பேசினார். சினமுற்ற பேரரசர் அவரைச் சிறையிலிட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பணம் செலுத்தித் தண்டனையிலிருந்து மீளலாம். ஆனால் அவரிடம் போதிய செல்வம் இல்லை. எஞ்சிய வழி ஆண்மை நீக்கம். மானமுள்ளவர் அத்தகைய இழிவைவிடத் தற்கொலையைத் தேர்ந்தெடுப்பதே அன்றைய வழக்கம். சிமா சியானோ இழிவைத் தேர்ந்தெடுத்தார். நூல் முடிவடையாமல் இருந்தது என்பதே அதற்குக் காரணம் என்று நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விளக்குகிறார். அக்கடிதம் சீன உரைநடை இலக்கியத்தின் மிக உயர்ந்த படைப்புகளுள் ஒன்றாக இன்றும் கற்பிக்கப்படுகிறது.

அவ்வாறு முடிக்கப்பட்ட 'ஷிஜி' 130 இயல்களைக் கொண்டது. அரசர்களின் ஆண்டுவரிசை 12, காலவரிசை அட்டவணைகள் 10, சடங்கு, இசை, நாட்காட்டி, நீர்ப்பாசனம் முதலியவை பற்றிய ஆய்வுகள் 8, உயர்குடி மரபுகள் 30, தனிமனித வரலாறுகள் 70 என்பது அதன் அமைப்பு. தனிமனித வரலாறுகளில் படைத்தலைவர்களும் அறிஞர்களும் மட்டுமல்லாமல் வணிகர், கொலையாளிகள், குறிசொல்வோர், விகடகவிகள் ஆகியோரும் இடம்பெற்றனர். இந்நூல் அவர் வாழ்நாளில் பரவவில்லை. அவருடைய மகள் வழிப் பேரன் யாங் யுன் பின்னர் அதனை வெளிக்கொணர்ந்தார்.

சுந்தியாத்தாவும் அவன் ஜெலியும்

மாண்டே மக்களின் வாய்மொழி மரபில் மையமானது சுந்தியாத்தா கெய்த்தாவின் கதை. 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவியவன் இவன். சிறுவயதில் நடக்க இயலாதவனாக இருந்தான். தாய் சோகோலோன் அவையில் ஏளனத்துக்கு ஆளானாள். நாட்டைவிட்டு நீங்கி வாழ நேர்ந்தது. பின்னர் திரும்பி வந்து, சோசோ நாட்டு மன்னன் சுமாங்குரு காந்தேயை ஏறத்தாழ 1235இல் கிரினா போரில் வென்றான். இக்கதையின் ஒரு வடிவத்தைக் கினி நாட்டு ஜெலியான மமாது குயாத்தே சொல்லக் கேட்டு, வரலாற்றறிஞர் ஜிப்ரில் தம்சீர் நியான் 1960இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அதன் பின்னரே இக்கதை உலகெங்கும் அறியப்பட்டது.

கதையில் ஜெலிக்கு இருக்கும் இடம் குறிப்பிடத்தக்கது. சுந்தியாத்தாவின் தந்தை மகனுக்கு அளிக்கும் மரபுரிமை, பல்லா ஃபாசேக்கே என்னும் ஜெலி. சுமாங்குரு செய்யும் பெருங்கொடுமைகளுள் ஒன்று அந்த ஜெலியைக் கவர்ந்து வைத்துக்கொள்வது. ஜெலியை இழந்த அரசனுக்குத் தன் முன்னோரை எடுத்துச் சொல்ல ஆளில்லை. எனவே அவன் அரசுரிமையும் நிறைவுறாது. வெற்றிக்குப் பின் குருகான் ஃபுகா என்னுமிடத்தில் கூடிய பேரவையில் குயாத்தே குடும்பத்தார் கெய்த்தா அரசர்களின் ஜெலிகளாக அறிவிக்கப்பட்டனர் என்பது மரபு. சுமாங்குருவுக்குரியதாகக் கருதப்படும் பலாஃபோன், 'சோசோ பலா' என்ற பெயரில் கினியின் நியாகசோலா ஊரில் இன்றளவும் காக்கப்படுகிறது. 2001இல் யுனெஸ்கோ அதனைச் சுற்றியுள்ள பண்பாட்டு மரபைச் சிறப்பித்து அறிவித்தது.

மதிப்பும் இழிவும்

இரு மரபினரிடமும் ஒரு முரண்பாடு காணப்படுகிறது. அரசனின் புகழ் இவர்கள் கையில் இருந்தது. ஆனால் சமூக ஏணியில் இவர்கள் உயர்ந்த படியில் வைக்கப்படவில்லை. ரென் ஆனுக்கு எழுதிய கடிதத்தில் சிமா சியான் தம் பதவியைப் பற்றி மிகக் கசப்புடன் எழுதுகிறார். எழுத்தரும் விண்மீன் நோக்குபவரும் குறிசொல்வோருக்குச் சற்றே அருகில் உள்ளவர்கள் என்றும், கூத்தாடிகளைப் போல் பேரரசரின் பொழுதுபோக்குக்காகப் பேணப்படுபவர்கள் என்றும், உலகம் அவர்களை அற்பமாகவே கருதுகிறது என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த விலக்கம் இன்னும் வெளிப்படையாக இருந்தது. உயர்குடியினர் ஜெலிகளை அஞ்சினர், அவர்களுக்குப் பரிசளித்தனர், ஆனால் பெண் கொடுக்கவில்லை. செனகலின் செரேர் மக்களிடையே கிரியோக்களின் உடலை மண்ணில் புதைத்தால் நிலம் விளையாது என்ற நம்பிக்கை இருந்தது. எனவே அவர்கள் பெரும் பெருக்க மரங்களின் பொந்துகளுக்குள் அடக்கம் செய்யப்பட்டனர். இவ்வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. இதன் மறுபுறத்தையும் காணலாம்: புகழ்பெற்ற பாடகர் சலிஃப் கெய்த்தா, சுந்தியாத்தாவின் அரச குடியில் பிறந்தவர். பாடுவது ஜெலிகளின் தொழில் என்பதால், அவர் பாடகரானதைக் குடும்பத்தார் எதிர்த்தனர்.

சொல்லின் ஆற்றலைக் கண்டு சமூகம் கொண்ட அச்சமே இந்த விலக்கத்துக்கு ஒரு காரணம் எனலாம். புகழை ஆக்கவும் அழிக்கவும் வல்லவர் அதிகாரத்தையும் கைப்பற்றக் கூடாது. எனவே அவரைத் தனியே நிறுத்தும் ஏற்பாடுகளை இரு சமூகங்களும் வெவ்வேறு வழிகளில் செய்துகொண்டன.

அரசன் முன் உண்மை

தனியே நிறுத்தப்பட்டவருக்குப் பிறருக்கில்லாத ஓர் உரிமையும் கிடைத்தது. மாண்டே மரபில் 'சனன்குயா' எனப்படும் கேலியுறவு உண்டு. குறிப்பிட்ட இரு குடியினர் ஒருவரை ஒருவர் எவ்வளவு கேலி செய்தாலும் சினம் கொள்ளக்கூடாது என்பது அதன் விதி. குயாத்தே ஜெலிகளுக்கு எல்லாக் குடிகளையும், சிறப்பாக அரசகுடியான கெய்த்தாக்களை, கேலி செய்யும் உரிமை குருகான் ஃபுகாவில் வழங்கப்பட்டதாக நியான் பதிவு செய்த வடிவம் கூறுகிறது.

இதற்கு இணையானதை 'ஷிஜி'யின் விகடகவிகள் பற்றிய இயலில் காணலாம். சூ நாட்டு மன்னன் சுவாங், தன் அன்புக்குரிய குதிரை இறந்தபோது அதற்கு உயர்குடி அமைச்சருக்குரிய ஈமச்சடங்கு செய்ய ஆணையிட்டான். எதிர்ப்பவருக்கு மரண தண்டனை என்றும் அறிவித்தான். யோவ் மெங் என்னும் விகடகவி அவைக்குள் அழுதுகொண்டே நுழைந்தான். அமைச்சருக்குரிய சடங்கு போதாது, மன்னனுக்குரிய சடங்கே செய்ய வேண்டும், அப்போதுதான் நம் அரசர் மனிதரைவிடக் குதிரையை மேலாக மதிக்கிறார் என்று எல்லா நாடுகளும் அறியும் என்றான். மன்னன் தவற்றை உணர்ந்தான். இத்தகைய சிரிப்பையும் வரலாற்றில் சேர்க்க வேண்டும் என்று சிமா சியான் கருதியது கவனிக்கத்தக்கது.

மாலி அவையில் ஜெலிகளை நேரில் கண்டு எழுதியவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1352–53இல் மன்சா சுலைமானின் அவைக்கு அவர் சென்றார். இறகுகளால் ஆன உடையும் சிவந்த அலகுடைய மரப் பறவைத் தலையும் அணிந்த பாவலர்கள் விழா நாளில் அரசன் முன் நின்றனர். இதே மேடையில் முன்பு அமர்ந்த அரசர்கள் செய்த நற்செயல்களை எடுத்துரைத்து, நீயும் நல்லதைச் செய், உனக்குப் பின்னும் பேசப்படுவாய் என்னும் பொருளில் அறிவுறுத்தினர். இப்னு பதூதாவுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியது. ஆயினும் இவ்வழக்கம் இசுலாம் வருவதற்கு முன்பே இருந்தது என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் சேர்த்தே பதிவு செய்தார்.

மதுரை சுல்தானகத்தில் தங்கிச் சென்ற அதே பயணி, 1340களில் சீனாவின் சுவான்சோவு துறைமுகம் வரை சென்றதாகவும் கூறுகிறார். அவருடைய சீனப் பயணத்தின் சில பகுதிகளை ஆய்வாளர்கள் ஐயத்துடன் நோக்குகின்றனர். சீனாவில் தாம் சந்தித்த சியூட்டா நகரத்தவர் ஒருவரின் உடன்பிறந்தாரைப் பின்னாளில் சகாராவின் விளிம்பிலுள்ள சிஜில்மாசாவில் சந்தித்ததாக எழுதி, அவ்விருவருக்குமிடையே இருந்த தொலைவை எண்ணி அவர் வியக்கிறார். இந்நூலும் அவர் வாய்மொழியாகச் சொல்ல இன்னொருவர் எழுதியதே ஆகும்.

சீனாவில் தாங் மரபின் பேரரசர் தைசோங் 629இல் வரலாற்றுப் பணியகத்தை நிறுவினார். பேரரசரின் அன்றாடச் சொல்லும் செயலும் நாட்குறிப்பாக எழுதப்பட்டன. அவற்றை அவர் பார்க்கக்கூடாது என்பது மரபு. தைசோங் தம் உடன்பிறந்தார் இருவரை 626இல் சுவான்வூ வாயிலில் கொன்று அரியணை ஏறியவர். எனவே தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அறிய விரும்பினார். நாட்குறிப்பைக் காட்டும்படி கேட்டபோது சூ சுயிலியாங் என்னும் அலுவலர் மறுத்தார். நான் செய்யும் தவற்றையும் எழுதுவாயா என்று கேட்டதற்கு, எழுதுவது தம் கடமை என்று விடையளித்தார். ஆயினும் பின்னர் அமைச்சர்கள் தொகுத்தளித்த வரலாற்றைப் பேரரசர் படித்தார். சுவான்வூ நிகழ்வை மறைக்காமல் எழுதச் சொன்னார். அவருடைய ஆணை நேர்மையானதா, தமக்குச் சாதகமான விளக்கத்தை நிலைநாட்டும் முயற்சியா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. அரசன் ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு, எழுதுபவரின் கை முன்போல் இயங்காது என்பது மட்டும் உறுதி.

அழிக்கப்பட்ட அரசர்கள்

பதிவு செய்வோர் அரசின் ஊழியராக இருப்பதால், மறக்கவும் அவர்களுக்கு ஆணையிட முடியும். இதற்கு இரு பகுதிகளிலும் தெளிவான சான்றுகள் உள்ளன.

மிங் மரபின் இரண்டாம் பேரரசர் ஜியான்வென் 1398 முதல் 1402 வரை ஆண்டார். அவருடைய சிற்றப்பன் படையெடுத்து நான்சிங் நகரைக் கைப்பற்றி, யோங்லே பேரரசராக முடிசூடினார். முடிசூட்டு ஆணையை எழுத மறுத்த அறிஞர் ஃபாங் சியாவ்ரூ தம் உறவினரோடு கொல்லப்பட்டார். ஜியான்வெனின் ஆட்சியாண்டுகள் அழிக்கப்பட்டு, இறந்துபோன அவருடைய பாட்டனாரின் ஆட்சியாண்டுகளாகவே கணக்கிடப்பட்டன. பாட்டனாரின் ஆட்சியைப் பற்றிய அதிகாரப்பூர்வ வரலாறும் யோங்லே காலத்தில் இருமுறை திருத்தி எழுதப்பட்டது. 1595இல்தான் ஜியான்வெனின் ஆட்சிப் பெயர் மீட்கப்பட்டது.

இன்றைய பெனின் நாட்டிலிருந்த தகோமி அரசில் அதண்டோசான் 1797 முதல் 1818 வரை ஆண்டான். கேசோ அவனை வீழ்த்தி அரியணை ஏறினான். அதன் பின் அரசவைப் பாடகர்கள் உரைக்கும் அரசர் வரிசையிலிருந்து அதண்டோசானின் பெயர் நீக்கப்பட்டது. கொடுங்கோலன் என்னும் பழிச்சொல்லாகவே அவன் நினைவு எஞ்சியது. ஆனால் அவன் போர்ச்சுகீசிய அரசுக்கு அனுப்பிய கடிதங்கள் பிழைத்தன. அவற்றின் உதவியால் ஆய்வாளர்கள் அவன் ஆட்சியை மீண்டும் எழுதத் தொடங்கியுள்ளனர். அவன் அன்பளிப்பாக அனுப்பிய அரியணை ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருந்தது. 2018இல் நேர்ந்த தீவிபத்தில் அது அழிந்தது.

எழுத்து நிலையானது, பேச்சு மாறக்கூடியது என்னும் எளிய முடிவை இவ்விரு நிகழ்வுகளும் மறுக்கின்றன. எழுதப்பட்ட ஆண்டுகளையும் துடைக்க முடிந்தது. பாடலிலிருந்து நீக்கப்பட்ட பெயரும் வேறு வழியில் திரும்பி வந்தது.

எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையே

சீன வரலாற்றெழுத்து வாய்மொழியை ஒதுக்கிவிடவில்லை. சிமா சியான் இளமையில் நாடெங்கும் பயணம் செய்து முதியோரிடம் கேட்டறிந்தார். படைத்தலைவர் ஹான் சின்னின் சொந்த ஊரான ஹுவாய்யினுக்குச் சென்று, அவர் வறுமையிலும் தாயை உயரமான, விசாலமான இடத்தில் புதைத்த கதையை ஊராரிடம் கேட்டார். கல்லறையை நேரில் பார்த்தும் உறுதி செய்துகொண்டார். சின் மன்னனைக் கொல்ல கி.மு. 227இல் முயன்ற ஜிங் கேயின் வரலாற்றில், அன்று அவையிலிருந்த அரண்மனை மருத்துவரிடமிருந்து வழிவழியாக வந்த செய்தியைத் தம் ஆதாரமாகக் குறிப்பிடுகிறார்.

பிற்காலத்தில் சோங் மரபின் நகரங்களில் கதைசொல்லிகள் மூன்று அரசுகளின் போர்களைச் சந்தைத் திடல்களில் சொல்லி வந்தனர். 'மூன்று அரசுகளின் கதை' போன்ற பெரும் புதினங்கள் அவர்களின் மரபிலிருந்தே வளர்ந்தன. சீன எல்லைக்குள் வாழும் கிர்கீசு மக்களின் 'மனாஸ்' காப்பியத்தை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அடிகளில் நினைவிலிருந்து பாடிய சூசுப் மமாய் 2014 வரை வாழ்ந்தார்.

மேற்கு ஆப்பிரிக்காவும் எழுத்தறியாத நிலம் அன்று. திம்புக்துவில் அரபு மொழியில் சட்டம், வானியல், மருத்துவம், வரலாறு ஆகிய துறைகளில் எண்ணற்ற சுவடிகள் எழுதப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் அப்துர் ரகுமான் அல்-சாதி எழுதிய 'தாரிக் அல்-சூதான்' சோங்காய்ப் பேரரசின் எழுச்சியையும் 1591ஆம் ஆண்டு மொராக்கோப் படையெடுப்பால் நேர்ந்த வீழ்ச்சியையும் விவரிக்கிறது. அப்படையெடுப்புக்குப் பின் அறிஞர் அகமது பாபா மொராக்கோவுக்கு நாடுகடத்தப்பட்டார். அவருடைய நூலகம் சூறையாடப்பட்டது. 2012இல் திம்புக்துவை ஆயுதக் குழுக்கள் கைப்பற்றியபோது ஊர்மக்கள் பெரும்பாலான சுவடிகளைப் பெட்டிகளில் மறைத்து வேறிடங்களுக்குக் கொண்டுசென்று காத்தனர். கி.மு. 213இல் சின் பேரரசு நூல்களை எரிக்க ஆணையிட்டபோது சுவர்களுக்குள் மறைத்துக் காப்பாற்றியவர்களைப் பற்றிச் சீன மரபு கூறுவதோடு இது ஒப்பிடத்தக்கது.

நம்பகத்தன்மை

'ஷிஜி' தரும் ஷாங் அரசர்களின் பட்டியல், அவ்வரசர்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது. எனவே அது கற்பனை என்று சிலர் ஐயுற்றனர். 1917இல் வாங் குவோவெய் குறி எலும்புகளிலுள்ள பெயர்களை ஒப்பிட்டு, சில திருத்தங்களுடன் அப்பட்டியல் பெரும்பாலும் சரியானதே எனக் காட்டினார்.

சுந்தியாத்தாவும் வெறும் கதைமாந்தன் என்று கருதப்பட வாய்ப்பிருந்தது. ஆனால் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், சோசோ மக்களை வென்ற மாரி ஜாத்தா என்னும் மாலி அரசனைக் குறிப்பிடுகிறார். அவர் தரும் செய்தி வாய்மொழி மரபின் மையக்கருவோடு பொருந்துகிறது. மந்திரம், அம்பில் பொருத்திய சேவல் முள் போன்ற கூறுகளை நீக்கிப் பார்த்தாலும் வரலாற்று மனிதன் ஒருவன் எஞ்சுகிறான்.

மறுபுறம், 1324இல் மக்காவுக்குச் சென்றபோது கெய்ரோவில் தங்கத்தின் விலையே சரியும் அளவுக்குச் செலவு செய்த மன்சா முசாவை அரபு எழுத்தாளர்கள் கொண்டாடினர். ஜெலிகளின் பாடல்களிலோ சுந்தியாத்தாவுக்குக் கிடைத்த இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை. நிறுவியவனையே குடிகள் நினைவில் வைத்தன. வெளிநாட்டில் பொன்னை இறைத்தவனை அல்ல. ஒவ்வொரு மரபும் எதைக் காக்க விரும்பியது என்பதை அதன் மௌனங்களும் காட்டுகின்றன. வாய்மொழிச் செய்திகளையும் ஆவணங்களைப் போலவே ஆய்வுக்கு உட்படுத்தும் முறைகளை யான் வான்சினா 1961இல் வெளியிட்ட நூலில் வகுத்தளித்தார். ஆப்பிரிக்க வரலாறு பல்கலைக்கழகத் துறையாக வளர அது பெரிதும் உதவியது.

இன்றைய நிலை

சீனாவில் ஒரு மரபு வீழ்ந்தபின் அடுத்த மரபு அதன் வரலாற்றை எழுதும் வழக்கத்தால் 24 அதிகாரப்பூர்வ வரலாறுகள் உருவாயின. கடைசியான மிங் வரலாறு 1739இல் முடிவடைந்தது. சிங் மரபின் முழு வரலாற்றை எழுதும் அரசுத் திட்டம் 2002இல் தொடங்கப்பட்டது. யார் எந்த நோக்கில் எழுதுவது என்னும் பழைய கேள்வி அங்கு இன்னும் உயிரோடுள்ளது. பண்பாட்டுப் புரட்சியின்போது அழிக்கப்பட்ட குடும்ப வம்சாவளி ஏடுகளைப் பல ஊர்களில் மக்கள் 1980களிலிருந்து மீண்டும் தொகுத்து வருகின்றனர்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காலனி ஆட்சி அரசவைகளை ஒழித்தபோது ஜெலிகள் தம் புரவலர்களை இழந்தனர். வானொலி, திருமணங்கள், அரசியல் மேடைகள், உலக இசை அரங்குகள் எனப் புதிய இடங்களுக்கு அவர்கள் நகர்ந்தனர். பணம் கொடுப்பவரைப் புகழ்கிறார்கள் என்னும் குறையும் அவர்கள்மீது சொல்லப்படுகிறது. எனினும் மாலியின் கங்காபா ஊரில் கமாபுலோன் என்னும் புனித இல்லத்துக்கு ஏழாண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கூரை வேயும் சடங்கு தொடர்கிறது. அப்போது கேலா ஊரின் ஜபாத்தே ஜெலிகள் மாண்டே வரலாற்றை உரைக்கின்றனர். இச்சடங்கும், குருகான் ஃபுகாவில் அறிவிக்கப்பட்டதாகக் கூறப்படும் மாண்டே சாசனமும், சீனாவின் 'மனாஸ்' காப்பியமும் 2009ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஆப்பிரிக்காவில் ஒரு முதியவர் இறப்பது ஒரு நூலகம் எரிவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தை மாலி எழுத்தாளர் அமாது அம்பாத்தே பா 1960இல் யுனெஸ்கோவில் முன்வைத்தார். சி நாட்டில் மூன்று சகோதரர்கள் கொல்லப்பட்டபோதும், அகமது பாபாவின் நூலகம் சூறையாடப்பட்டபோதும் நேர இருந்த இழப்பு இதுவே. இறந்த அண்ணனின் இடத்தில் அமர்ந்த தம்பியும், பாதி எழுதிய நூலுக்காக இழிவை ஏற்ற மகனும், தந்தையிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகிய ஜெலியும் அவ்விழப்பைத் தடுத்தவர்கள். ஷாங் அரசர்களின் பெயர்களும் சுந்தியாத்தாவின் பெயரும் இன்று அறியப்படுவதற்கு, இவ்வாறு ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்கியதே காரணமாகும்.